பூண்டி உடையப்போகிறதாம்!

வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் போதும், வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு கிளம்பிவிடும். "பூண்டி அணை 1944-ல கட்டினது. அபாயப் பட்டியல்ல இருக்கு. எப்ப வேணும்னாலும் உடையும். எல்லாருக்கும் அனுப்புங்க." கும்மிடிப்பூண்டி சிப்காட் டீக்கடைகளில் ஷிப்ட் முடிந்து நிற்பவர்கள்கூட இதைத்தான் பேசுகிறார்கள். படித்தவர்கள்தான் முதலில் அனுப்புகிறார்கள் என்பது கூடுதல் எரிச்சல்.

அபாய வகுப்பு என்பது அணையின் உடல்நிலைச் சான்றிதழ் இல்லை, ஐயா. ஒருவேளை உடைந்தால் கீழே எத்தனை உயிர், எவ்வளவு சொத்து போகும் என்ற கணக்கு அது. மத்திய நீர்வள ஆணையம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டி, அணைகளை இந்தக் கணக்கை வைத்துத்தான் நான்கு வகுப்பாகப் பிரிக்கிறது. விரிசலே இல்லாத அணை உச்ச வகுப்பில் இருக்கலாம். கீழே ஆளே இல்லாவிட்டால், ஓட்டை உடைசலான கரைகூடக் கடைசி வகுப்பில் கிடக்கும். பூண்டியைத் தாண்டும் கொசஸ்தலை ஆறு ஒதப்பை, தாமரைப்பாக்கம், சீமாவரம், வெள்ளிவாயல், மணலி புதுநகர் என்று போய் எண்ணூரில் கடலைத் தொடுகிறது. அணை கட்டிய காலத்தில் மணலியில் சுத்திகரிப்பு ஆலையும் கிடையாது, புதுநகரும் கிடையாது. ஆற்றோரம் வீடும் ஆலையும் பெருகப் பெருக, அணையில் ஒரு கல் நகராமலே அபாயக் கணக்கு ஏறும். ஏற்றியது நாம், பழி அணைக்கு!

"தாங்கல, அதான் ஷட்டரைத் திறந்துட்டாங்க" என்பது அடுத்த பாட்டு. பூண்டியின் கொள்ளளவே 3,231 மில்லியன் கன அடிதான். வரத்து கூடினால் திறக்கத்தான் வேண்டும். 16 ஷட்டர்கள் வேறு எதற்கு? திறக்க முடியாமல் போனால்தான் பயப்பட வேண்டும். 2021 நவம்பரில் பெருவெள்ளம் வந்தபோது கடப்பா மாவட்டத்து அன்னமய்யா அணையில் ஒரு மதகு வேலை செய்யவில்லை. மண்கரை அடித்துக்கொண்டு போனது, கீழிருந்த ஊர்களில் உயிர்கள் போயின.

பழசென்றால் பலவீனமா? புனே அருகே பான்ஷெட் அணை 1961-ல் வேலை முழுதாக முடியும் முன்பே, முதல் முறை நீர் நிரம்பியபோது உடைந்தது. 2020-ல் திறந்த நம் கண்ணன்கோட்டை - தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கத்தைப் 'புதுசுதானே' என்று விட்டுவிட முடியாது. வயதால் முதலில் கெடுவது இரும்புதான். 2017-ல் கிருஷ்ணகிரி அணையில் உடைந்தது ஷட்டர், அணை நின்றது.

'சின்ன ஏரி, என்ன ஆகிவிடும்?' என்று கேட்பவர்களும் உண்டு. 2021 அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேல் உயரமான அணைகளையும், 10 முதல் 15 மீட்டருக்குள் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டவற்றையும்தான் கணக்கில் எடுக்கிறது. நம் ஏரிகளில் பெரும்பாலானவை அதற்குள் வராது. நான் பயப்படுவது இந்தக் கரைகளுக்குத்தான்.

'மரம் இருந்தால் கரை உறுதி' என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். மண்கரையில் சீமைக்கருவேலம் பட்டுப்போய் வேர் மக்கினால் கரைக்குள் நீளமாகப் பொந்து விழும். அதன் வழியே நீர் கசியும். பின்சரிவில் தெளிந்த நீர் கசிந்தால் தினமும் போய்ப் பாருங்கள். கலங்கலாக வந்தால் கரை மண் கரைகிறது என்று பொருள், அந்த நிமிடமே நீர்வளத் துறைக்குச் சொல்லுங்கள். மேலே வெட்டிவிட்டு வேரை விட்டுப்போகும் வேலையும் வேண்டாம். வேரோடு பிடுங்கி, குழியில் களிமண் போட்டு, அடுக்கடுக்காகக் கெட்டிக்க வேண்டும்.

குரல் பதிவு அனுப்புகிறவர்களே, அக்டோபர் 2 கிராம சபைக்கு வந்து, மழைக்கு முன்பே ஏரிக்கரையைச் சீர்செய்யத் தீர்மானம் போடச் சொல்லுங்கள். ஷட்டர் திறந்த செய்தி வந்ததும் ஆற்றுத் தரைப்பாலங்களில் வண்டியை இறக்காதீர்கள்.