புதிய கார்வெட்டா, பழைய ஃபெராரியா?

அமெரிக்காவில் ஒரு லட்சம் டாலரைச் சுற்றிய தொகையோடு கார் வாங்கக் கிளம்பும் வேகப் பிரியர் பெரும்பாலும் இரண்டு கார்களுக்கு நடுவில்தான் தவித்துக்கொண்டிருப்பார். ஒன்று, ஷோரூமிலிருந்து நேரே வரும் புதிய ஷெவர்லே கார்வெட். மற்றொன்று, பத்து இருபது வருஷத்துக்கு முன் பெரும் பணக்காரர்கள் வாங்கி ஓட்டிய ஃபெராரி 360, லம்போர்கினி கயார்டோ, மெக்லாரன் 12சி போன்ற ஒரு எக்ஸாட்டிக் கார். பல கை மாறி, விலை இறங்கி, இப்போது அதே பட்ஜெட்டுக்குள் வந்து நிற்கிறது.

எதை வாங்குவது என்ற வாக்குவாதத்தில் அடிபடும் பேச்சில் பெரும்பகுதி யாரோ சொல்லிக் கேட்டது. இந்தத் தொகையைச் சேர்க்க ஒரு மனிதர் பதினைந்து வருஷம் உழைத்திருக்கக்கூடும். அது தப்பான தகவலால் கரைவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. ஆகவே அதிகம் கேட்கும் சில நம்பிக்கைகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இந்தியாவில் இந்தக் கேள்வி இதே வடிவில் எழாது. வெளிநாட்டில் ஓடிய காரை இங்கே கொண்டுவர வேண்டுமென்றால் அது தயாராகி மூன்று வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது, ஸ்டீயரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும். அதனால் கீழே சொல்வதெல்லாம் அமெரிக்கச் சந்தையைப் பற்றியது.

“இரண்டும் ஒரே விலை. அப்புறம் என்ன யோசனை?”

எல்லாத் தவறுகளுக்கும் மூலம் இந்த நம்பிக்கைதான். காரின் விலை இறங்கும். அதன் உதிரிபாகங்களின் விலை இறங்காது.

மெக்லாரன் 12சி அமெரிக்காவில் அறிமுகமானபோது சுமார் 2,30,000 டாலர். இன்று பழைய 12சி அதில் பாதிக்கும் குறைவாகவே கிடைக்கிறது. ஆனால் அதன் பிரேக் டிஸ்க், ஹெட்லைட், முன் கண்ணாடி எல்லாம் இரண்டே கால் லட்சம் டாலர் காருக்கென்று செய்யப்பட்டவை. அவற்றின் விலையும் அப்படியே இருக்கிறது. வேலை பார்க்கத் தெரிந்த பட்டறைகளும் சொற்பம், மணிக்கூலியும் அதற்கேற்றபடிதான். போதாக்குறைக்கு, இந்தக் காரில் மற்ற கார்களில் உள்ளது போன்ற ஆன்ட்டி-ரோல் பார் கிடையாது. வளைவில் கார் சாயாமல் தாங்குவது ஒன்றோடொன்று இணைந்த ஹைட்ராலிக் டாம்பர்களின் வேலை. அந்த அழுத்தத்தைப் பிடித்துவைக்கும் அக்யூமுலேட்டர்கள் வயதானால் தளர்ந்துபோகும். சாதாரணக் காரில் ஷாக் அப்சார்பர் மாற்றுவதைப் போல அருகிலிருக்கும் மெக்கானிக்கிடம் விட்டுச் செய்துகொள்கிற வேலை இல்லை இது.

புதிய காரிலும் பிரச்சினை வரும். கார்வெட்டின் இப்போதைய தலைமுறையான சி8-இன் முதல் வருஷக் கார்களில், ஓடிக்கொண்டிருக்கும்போதே முன்பக்க டிக்கி திறந்துகொள்ளும் அபாயம் தெரியவந்து, 2020-இல் ஜெனரல் மோட்டார்ஸ் அந்தக் கார்களைத் திரும்ப அழைத்தது. மூடி சரியாகச் சாத்தாவிட்டால் வேகம் மணிக்கு 26 மைலைத் தாண்டாதபடி மென்பொருளை மாற்றியது. உரிமையாளர் ஒரு காசு செலவழிக்கவில்லை. முழுக் காருக்கும் மூன்று வருஷம் அல்லது 36,000 மைல், இன்ஜின்–கியர்பாக்ஸுக்கு ஐந்து வருஷம் அல்லது 60,000 மைல் என்று வாரண்டியும் இருக்கிறது. பழைய எக்ஸாட்டிக்கோ பெரும்பாலும் ‘இருக்கிறபடியே எடுத்துக்கொள்’ என்ற நிபந்தனையோடு விற்கப்படுவது. கையெழுத்துப் போட்ட மறுநிமிஷத்திலிருந்து அதற்கு என்ன வந்தாலும் வாங்கியவர் தலையில்தான்.

“ஃபெராரி என்றால் பெல்ட் மாற்றவே இன்ஜினை இறக்க வேண்டும்”

எந்த ஃபெராரி என்று கேட்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. 1994 முதல் 1999 வரை வந்த எஃப்355-க்கு இது முழுக்க உண்மை. டைமிங் பெல்ட் மாற்ற வேண்டுமென்றால் இன்ஜினை வெளியே எடுத்தாக வேண்டும். ஆயிரக்கணக்கான டாலர் செலவு வைக்கும் வேலை. அடுத்து வந்த 360-இல் ஃபெராரி இதற்கு வழி செய்துவிட்டது. இருக்கைகளுக்குப் பின்னால் உள்ள மூடியைக் கழற்றி, இன்ஜினை இறக்காமலே பெல்ட்டை மாற்றிவிடலாம். 2004-இல் வந்த எஃப்430-இல் டைமிங் பெல்ட்டே இல்லை. அதற்குப் பதில் சங்கிலி. இந்த மூன்றும் ஏறக்குறைய பத்து வருஷ இடைவெளிக்குள் வந்த, ஒரே பரம்பரைக் கார்கள். பராமரிப்புச் செலவில் அவற்றுக்கிடையே உள்ள தூரம் பெரிது. ‘ஃபெராரி வாங்காதே’ என்று அறிவுரை சொல்பவர்களில் பலர் எஃப்355-இன் கதையை எஃப்430-இன் மேல் ஏற்றிச் சொல்கிறார்கள்.

பெல்ட் உள்ள கார்களில் மைல் கணக்கைவிட வருஷக் கணக்கு முக்கியம். மூன்றிலிருந்து ஐந்து வருஷத்துக்குள் மாற்றுவது வழக்கம். கார் ஓடவே இல்லை என்றாலும் ரப்பருக்கு வயதாகிறது. பெல்ட் அறுந்தால் பிஸ்டன் போய் வால்வில் மோதும். அதோடு இன்ஜின் காலி.

அதற்காக எஃப்430 செலவில்லாத கார் என்று நினைத்துவிட வேண்டாம். அதன் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு விரிசல் விடுவது பரவலாகத் தெரிந்த குறை. ‘எஃப்1’ என்று பெயரிட்ட, ஸ்டீயரிங்குக்குப் பின்னாலுள்ள பேடிலால் மாற்றும் கியர்பாக்ஸில் இருப்பது ஒற்றைக் கிளட்ச். நெரிசலில் ஊர்ந்து போவதும், மேட்டில் ரிவர்ஸ் எடுப்பதும் அதைச் சீக்கிரம் தேய்த்துவிடும். நல்ல விஷயம், எத்தனை சதவீதம் தேய்ந்திருக்கிறது என்று கம்ப்யூட்டரை இணைத்துப் பார்த்துவிடலாம். விலை பேசும் முன் அந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

“குறைவாக ஓடிய காரே நல்ல கார்”

விற்பனை விளம்பரங்களில் முதல் வரியில் வருவது மைல் கணக்குதான். இருபது வருஷத்தில் 6,000 மைல் மட்டுமே ஓடிய கார் என்றால் வாங்குபவருக்குக் கை பரபரக்கும். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள்.

ஆள் புழங்காத வீடு என்ன ஆகுமோ அதுதான் ஓடாத காருக்கும். இன்ஜின் ஆயில் சுற்றி வந்தால்தான் சீல்கள் நனைந்து மென்மையாக இருக்கும். நின்றே கிடந்தால் அவை காய்ந்து கெட்டிப்பட்டு, மறுபடி ஓட ஆரம்பித்ததும் ஒவ்வொன்றாகக் கசியத் தொடங்கும். டாங்கில் கிடக்கும் பெட்ரோல் கெட்டு, பிசினாகப் படிந்து இன்ஜெக்டரை அடைக்கும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். டயரில் பட்டன் முழுசாக இருக்கும், ரப்பர் கல்லாகியிருக்கும். அறுநூறு குதிரைசக்தி உள்ள காரில் கெட்டிப்பட்ட டயர் இருப்பது உயிருக்கு ஆபத்து. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2314 என்றால் 2014-ஆம் வருஷத்தின் 23-ஆவது வாரம் தயாரானது என்று பொருள். அதைப் படிக்க மெக்கானிக் வேண்டாம், குனிந்து பார்த்தால் போதும். அந்தக் கால ஃபெராரிகளின் உட்புறப் பிளாஸ்டிக் பட்டன்களில் பூசிய மென்பூச்சு, ஓடினாலும் ஓடாவிட்டாலும், வருஷங்கள் போனால் இளகிப் பிசுபிசுவென்று விரலில் ஒட்டும்.

வருஷம் மூவாயிரம் மைல் ஓடி, ஒவ்வொரு சர்வீஸுக்கும் ரசீது வைத்திருக்கும் காரை நான் அந்த 6,000 மைல் காரைவிட மேலாக மதிப்பேன். ஓடோமீட்டர் காட்டும் எண்ணைவிட அந்த ரசீதுக் கோப்பின் தடிமன் முக்கியம். எஃப்355-ஐயே எடுத்துக்கொள்வோம். ஆரம்பகால இன்ஜின்களில் வால்வு கைடுகள் வெண்கலத்தில் செய்யப்பட்டவை, சீக்கிரம் தேய்ந்தன. பின்னால் வந்தவற்றில் எஃகுக்கு மாறினார்கள். முன்னிருந்த உரிமையாளர் ஒருவர் கைடுகளை மாற்றும் வேலையைச் செய்து முடித்திருக்கிறாரா என்பதை மைல் கணக்கு சொல்லாது. ரசீது சொல்லும்.

“என்ன இருந்தாலும் எக்ஸாட்டிக்கின் வேகம் வருமா?”

வரும். தாண்டியும் போகும். ஃபெராரி 360 மோடெனா நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட நிறுவனக் கணக்குப்படியே 4.5 விநாடி. இஸட்51 பேக்கேஜ் உள்ள 2020 கார்வெட் அதை ஒட்டிய வேகத்தை, அதாவது 60 மைலை, 2.9 விநாடியில் எட்டுகிறது. இன்ஜின் ஓட்டுநருக்குப் பின்னால், நடுவில் அமர்ந்திருக்கும் அமைப்பும் இப்போது எக்ஸாட்டிக்குக்கு மட்டும் உரியதில்லை. 2019 ஜூலையில் அறிமுகமான சி8 அதே அமைப்போடு 60,000 டாலருக்குக் கீழே விற்பனைக்கு வந்தது. வேகம் மட்டுமே வேண்டுமென்றால் பழைய ஃபெராரி பக்கம் போகக் காரணமே இல்லை.

“பழைய எக்ஸாட்டிக் எல்லாமே பணத்தைத் தின்னும்”

கார்வெட் ஆதரவாளர்கள் சொல்லும் இதுவும் சரியில்லை. 1990-இல் ஹோண்டா கொண்டுவந்த என்எஸ்எக்ஸ் (அமெரிக்காவில் அக்யூரா என்ற பெயரில் விற்றது) முழு அலுமினிய உடல் கொண்ட கார்; பந்தய வீரர் ஐர்டன் சென்னா சுஸூகா பந்தயத் தளத்தில் ஓட்டிப் பார்த்துக் கருத்துச் சொன்ன கார். ஹோண்டாவுக்கே உரிய உழைப்பும் அதில் இருந்தது. 1998-இல் லம்போர்கினி அவ்டியின் கைக்குப் போன பிறகு வந்த கயார்டோ 2003 முதல் 2013 வரை 14,022 கார்கள் தயாரானது. 2008-க்குப் பிந்தைய கயார்டோவின் 5.2 லிட்டர் வி10 இன்ஜினும் அவ்டி ஆர்8-இன் வி10-உம் ஒரே குடும்பம். ஆர்8 அவ்டி டீலரிடமே சர்வீஸுக்குப் போகிற கார். எக்ஸாட்டிக் ஆசையும் அடக்கமான பராமரிப்பும் ஒன்றாக வேண்டுபவருக்கு ஆர்8 நல்ல தொடக்கம். ஆனால் சிலர் ஆர்8-ஐப் புறக்கணித்துவிட்டு, பெயருக்காகவே வேறு காருக்குப் போகிறார்கள்.

“எக்ஸாட்டிக் முதலீடு, விலை ஏறும்”

இந்த ஒரு வாக்கியம் செய்த கெடுதலை மற்றவை எல்லாம் சேர்ந்தாலும் செய்திருக்காது. ஏலத்தில் கோடிகளுக்குப் போகும் ஃபெராரிகளைப் பார்த்துவிட்டு, கடன் வாங்கி, ‘ரெண்டு வருஷம் ஓட்டிவிட்டு லாபத்துக்கு வித்துடலாம்’ என்று எண்ணி இறங்குபவர்கள் இருக்கிறார்கள்.

விலை ஏறியவை உண்டு. குறைந்த எண்ணிக்கையில் வந்தவை, மேனுவல் கியர் உள்ளவை. எஃப்430-இல் பெரும்பாலோர் பேடில் கியரைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். அதனாலேயே மூன்று பெடலும் உலோகச் சட்டத்துக்குள் நகரும் கியர் கம்பியும் உள்ள சிலவற்றுக்கு இன்று மிகக் கூடுதல் விலை. ஆனால் ஒரு லட்சம் டாலர் பட்ஜெட்டில் கிடைக்கும் கார்கள் ஏன் அந்த விலைக்குக் கிடைக்கின்றன? அவற்றைத் தேடி ஆட்கள் அலையவில்லை என்பதுதான் காரணம். அப்படியே விலை நிலையாக நின்றாலும் இன்ஷூரன்ஸ், நிறுத்துமிடம், பெல்ட், கிளட்ச், டயர் எல்லாவற்றையும் கழித்தால் லாபம் மிஞ்சுவது அபூர்வம்.

எதிர்ப்பக்கத்தில், ‘புதிய கார் கேட்டைத் தாண்டியதுமே மதிப்பை இழந்துவிடும்’ என்பதையும் சட்டம்போல் சொல்ல முடியாது. 2019 தொழிலாளர் வேலைநிறுத்தத்தாலும் அடுத்த வருஷக் கொரோனாவாலும் சி8 உற்பத்தி தாமதமானது. கேட்டவர்களுக்குக் கார் இல்லை. ஓடிய கார்வெட்டுகள் பட்டியல் விலையைவிட அதிகமாகக் கைமாறின. அது சந்தை விசித்திரமாக இருந்த காலம். அதை நம்பி யாரும் இன்று திட்டம் போடக் கூடாது.

“கணக்குப் பார்த்தால் பழைய ஃபெராரியை வாங்குவது முட்டாள்தனம்”

இதை நான் ஏற்கவில்லை. சி8-க்கு மேனுவல் கியர் கிடையவே கிடையாது. 360-இன் இன்ஜின் டர்போ இல்லாமல் 8,500 சுற்றில் உச்ச சக்தியைக் கொடுக்கிறது. அதன் கிராங்க் ஷாஃப்ட் தட்டையாக, 180 பாகையில் அமைந்திருப்பதால் வரும் கூர்மையான ஓசை சாதாரண அமெரிக்க வி8-இன் உறுமலிலிருந்து முற்றிலும் வேறு. கார்வெட்டே இஸட்06 மாடலில் அந்த வகைக் கிராங்க்கைக் கொண்டுவந்தது. ஆனால் அதன் விலை அறிமுகத்திலேயே ஒரு லட்சம் டாலரைத் தாண்டிவிட்டது. கை, கால், காது மூன்றும் சேர்ந்து ஓட்டும் அனுபவத்துக்காக ஒருவர் பழைய மேனுவல் ஃபெராரியைத் தேடினால் அது நியாயமான ஆசை. அவரிடம் தினசரி ஓட்ட வேறொரு கார் இருக்க வேண்டும். வாங்கும் தொகையை முழுவதும் காரிலேயே போட்டுவிடாமல், ஒரு பெரிய ரிப்பேரைத் தாங்கும் பணம் தனியாக இருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் கார்வெட்டை வாங்கி நிம்மதியாக ஓட்டலாம். அதில் குறைவொன்றும் இல்லை.

“விற்பவர் நல்ல மனிதர், தனியாகச் சோதிக்கத் தேவையில்லை”

விற்பவர் நல்லவராகவே இருக்கட்டும். தன் காரின் இன்ஜினுக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்கே தெரியாமல் இருக்கலாம். அந்த மாடலைக் கையாண்டு பழகிய, விற்பவரோடு தொடர்பில்லாத பட்டறையில் காரைத் தூக்கிவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு சிலிண்டருக்கும் கம்ப்ரெஷனும் லீக்டௌன் சோதனையும், கிளட்ச் தேய்மானத்தின் அளவு, பழைய விபத்தின் தடம், பெல்ட் கடைசியாக மாற்றிய தேதி, எல்லாம் எழுத்தில் வரட்டும். சில நூறு டாலரோ ஆயிரமோ ஆகும். சோதனைக்கு ஒப்புக்கொள்ளாத விற்பனையாளரிடம் பேரத்தைத் தொடர வேண்டாம். அதே மாடல் இன்னொன்று சந்தைக்கு வரும்.