நெல் விளைந்தால் மட்டும் வறுமை தீருமா?
வியட்நாம் வணிகர்களுக்குத் தரும் பாடம்



"நெல் விளைச்சலைப் பெருக்கினால் ஏழை நாடுகளில் வறுமை தானாகக் குறைந்துவிடும்" என்று மேடைதோறும் பேசக் கேட்கிறோம். இது பாதி உண்மைதான். விளைந்த நெல் நியாயமான விலைக்கு விற்றுக் காசாக வேண்டும் என்பது மறு பாதி. அந்த மறு பாதி நம் தொழிலைச் சேர்ந்தது. இதற்குத் தெளிவான சான்று வியட்நாம் நாடு.

வண்டல் பூமியில் அரிசிப் பஞ்சம்

1975-ல் போர் முடிந்து, 1976-ல் வடக்கும் தெற்கும் ஒரே நாடாயின. தெற்கே மீகாங் ஆற்றுக் கழிமுகம் பொன் விளையும் பூமி. இருந்தும் அந்நாடு வெளிநாட்டு அரிசியை எதிர்பார்த்து நின்றது. காரணம் என்ன?

நிலங்கள் கூட்டுப் பண்ணையில் சேர்க்கப்பட்டன. வேலைக்கு வந்த நாளைப் புள்ளிக் கணக்கில் எழுதி, அதற்கேற்பப் பங்கு தந்தார்கள். பாடுபட்டவனுக்கும் வரப்பில் நின்றவனுக்கும் பெரிய வேறுபாடில்லை. நெல்லை அரசு சொன்ன குறைந்த விலைக்கே கொடுக்க வேண்டும். ஒரு மாகாணத்து அரிசி அடுத்த மாகாணத்துக்குப் போகாதபடி வழியெங்கும் சோதனைச் சாவடிகள். தஞ்சை அரிசியை வெளி மாவட்டத்துக்குக் கொண்டு செல்லத் தடை இருந்த காலத்தை நம் மூத்த வணிகர்களும் மறந்திருக்க மாட்டார்கள்.

நல்ல விதை இல்லாமல் இல்லை. 1960-களின் பிற்பகுதியிலேயே ஐ.ஆர்.8 தெற்கு வியட்நாமுக்கு வந்தது. அதைப் பயிரிட்டவர் ஹோண்டா வண்டி வாங்கலாம் என்பதால் 'ஹோண்டா நெல்' என்றே அதற்குப் பெயர். 1970-களின் இறுதியில் புகையான் பூச்சி வயல்களை அழித்தது. அப்போது கான் தோ பல்கலைக்கழகப் பேராசிரியர் வோ தோங் சுவான், பூச்சியைத் தாங்கும் ஐ.ஆர்.36 விதையைச் சிறிதளவு தருவித்துப் பெருக்கினார். வகுப்புகளை நிறுத்தி, மாணவர்களை விதையுடன் கிராமங்களுக்கு அனுப்பினார். ஒற்றை நாற்றாக நட்டு விதையைப் பெருக்கும் முறையை அவர்கள் உழவர்களுக்குக் கற்றுத் தந்தனர். அந்த விதையை உருவாக்கியவர் நம் பஞ்சாபில் பிறந்த குர்தேவ் குஷ். விதை பயிரைக் காத்தது. பசியை முழுவதும் போக்கவில்லை. 1988 தொடக்கத்தில்கூட வட மாகாணங்களில் கடும் உணவுப் பற்றாக்குறை நிலவியது.

கதவு திறந்தது

1981-ல் கூட்டுப் பண்ணை நிலத்தைக் குடும்பங்களுக்கு ஒப்பந்தத்தில் விட்டனர். குறித்த அளவுக்கு மேல் விளைந்தது உழவனுக்கே என்றனர். 1986 டிசம்பரில் பொருளாதாரச் சீர்திருத்தம் அறிவிக்கப்பட்டது. 1988 ஏப்ரலில் நிலம் நீண்ட காலத்துக்குக் குடும்பங்களின் பொறுப்பில் வந்தது. 1989-ல் நெல் விலைக் கட்டுப்பாடு நீங்கியது. 1993 நிலச் சட்டம் நிலத்தை அனுபவிக்கும் உரிமையை மாற்றவும், குத்தகைக்கு விடவும், அடமானம் வைக்கவும் வழி செய்தது.

பலன் உடனே தெரிந்தது. 1988-ல் அரிசி இறக்குமதி செய்த நாடு, 1989-ல் சுமார் 14 லட்சம் டன் ஏற்றுமதி செய்தது! ஓர் ஆண்டில் நிலம் பெருகிவிடவில்லை. உழவனுக்கு ஊக்கம் பெருகியது. 1993-ல் நூற்றுக்கு 58 பேர் வறுமையில் இருந்தனர். 1998-ல் இது 37 ஆயிற்று, 2002-ல் 29. காபி, மீன் வளர்ப்பு, தொழிற்சாலை வேலை ஆகியவற்றுக்கும் இதில் பங்குண்டு. ஆனால் முதல் படி நெல்தான்.

விலையின் இரு முகங்கள்

ஓர் உதாரணக் கணக்குப் பார்ப்போம். ஒரு குடும்பம் 40 மூட்டை நெல் விளைத்து, வீட்டுக்கு 15 வைத்துக்கொண்டு 25 மூட்டை விற்கிறது. மூட்டைக்கு 100 ரூபாய் விலை கூடினால் 2,500 ரூபாய் ஆதாயம். அடுத்த வீட்டுக் கூலிக் குடும்பத்துக்கு நிலமில்லை. மாதம் 40 கிலோ அரிசி விலைக்கு வாங்குகிறது. கிலோவுக்கு 3 ரூபாய் கூடினால் ஆண்டுக்கு 1,440 ரூபாய் கூடுதல் செலவு. ஒரே விலையேற்றம் ஒருவருக்கு வரவு, மற்றவருக்குச் செலவு.

2008-ல் உலகமே இதைக் கண்டது. இந்தியாவும் வியட்நாமும் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தின. தாய்லாந்து அரிசி டன் 1,000 டாலரைத் தாண்டியது. அரிசியை வாங்கி உண்ணும் ஏழை நாடுகள் தவித்தன. உழவனுக்கு வாழ்வளிக்கும் விலை வேண்டும். பதுக்கலாலும் பீதியாலும் ஏறும் விலை வேண்டாம்.

நமக்கு என்ன வேலை?

மீகாங் பகுதியில் இன்றும் பெரும்பாலான உழவர்கள் அறுத்த ஈர நெல்லை வயலோரமே படகு வியாபாரிகளிடம் விற்கின்றனர். உலர்த்த இடமும் சேமிக்க வசதியும் இல்லாதவன் விலைக்காகக் காத்திருக்க முடியாது. விற்கும் உரிமை இருந்தும் கையைக் கட்டிப்போட்டது போலத்தான்.

இது எனக்கு நன்கு தெரியும். தொழில் தொடங்கிய புதிதில், ஒரு மழைநாளில் ஈர நெல்லுடன் வந்த பெரியவர் ஒருவர் திருப்பி ஏற்றிச் செல்ல வழியின்றி நின்றார். ஈரத்துக்குக் கழிக்க வேண்டியதைவிட அதிகம் கழித்தேன். அன்று அதைச் சாமர்த்தியம் என்று எண்ணினேன். அடுத்த போகம் அவர் என் மண்டிக்கு வரவில்லை. அவருடன் வரும் நாலைந்து வண்டிகளும் வரவில்லை.

எனவே கொள்முதல் வணிகர்கள் மூன்றைக் கடைப்பிடிக்க வேண்டும்.

1. எடை உழவர் கண் முன்னே இருக்கட்டும்.
2. ஈரம், பதர் ஆகியவற்றுக்குக் கழிவு எவ்வளவு என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள்.
3. பணத்தை இழுத்தடிக்காதீர்கள். தாமதமாகும் தொகைக்கு அவர் வெளியில் வட்டி கட்டுகிறார்.

சில்லறை மளிகைக்காரர்களுக்கும் இதில் பங்குண்டு. நெல் விற்ற பணம் முதலில் வந்து சேருவது உங்கள் கடைக்குத்தான்: பழைய பாக்கியாக, பருப்பாக, எண்ணெயாக. உழவன் கையில் காசு புரளாத ஊரில் எந்தக் கல்லாவும் நிறைவதில்லை.