நூறு பேர் வகுப்பில் பேசுவது இரண்டு பேர்தானா?

கேள்வி: பாடம் நடத்தும்போது கேள்வி கேட்டால் முன்வரிசையில் இரண்டு பேர்தான் வாய் திறக்கிறார்கள். மற்றவர்களை எப்படிப் பேசவைப்பது?
– கல்லூரி ஆசிரியர் ஒருவர்

பதில்: ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பிக்கும் எரிக் மஸூர், தன்னை நல்ல ஆசிரியர் என்றே நம்பியிருந்தார். மாணவர்களும் கணக்குகளை மளமளவென்று போட்டார்கள். 1990 வாக்கில், விசை பற்றிய எளிய தேர்வொன்றை வைத்தபோது குட்டு வெளிப்பட்டது. லாரியும் சின்னக் காரும் மோதினால் எது அதிக விசை செலுத்தும்? இரண்டும் சமம்தான், நியூட்டனின் மூன்றாம் விதி அது. விதியை ஒப்பிக்கத் தெரிந்த பலரும் லாரியைத்தான் கைகாட்டினார்கள்!

அதன்பின் மஸூர் வகுப்பை மாற்றினார். சற்று நேரம் விளக்கம், பிறகு கொள்குறி வகைக் கேள்வி ஒன்று. ஒவ்வொருவரும் தனியாக யோசித்து விடையைக் காட்ட வேண்டும். சரியான விடை ஏறத்தாழ 30 முதல் 70 சதவீதம் பேரிடம் இருந்தால், வேறு விடை சொன்ன பக்கத்து மாணவரோடு வாதாடச் சொல்வார். பிறகு மறுபடி வாக்கெடுப்பு. நேற்றுப் புரிந்துகொண்டவனுக்குத்தான் புரியாதவனின் சிக்கல் தெரியும். பேராசிரியருக்கு அது மறந்து வெகுகாலமாகியிருக்கும்.

கருவி எதுவும் வேண்டாம். ஏ, பி, சி, டி எழுதிய நான்கு அட்டைகள் போதும்.

இன்னொன்று, பொறுமை. கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் கண்டறிந்தார். அதை 3 விநாடியாக்கியதும் விடைகள் நீண்டன. நாளைய வகுப்பில் மனதுக்குள் மூன்று எண்ணிப் பாருங்கள்.