கிரயம் வேண்டாம், மாப்பிள்ளை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

வத்தல்மலை வீட்டை உன் அப்பாவிடமிருந்து, அதாவது என் மச்சானிடமிருந்து, இரண்டு லட்சத்துக்குக் கிரயம் பண்ணப் போவதாகச் சொன்னாய். சும்மா வாங்கினால் உன் தங்கச்சி பங்கு கேட்பாள், காசு கொடுத்து வாங்கினால் யாரும் அசைக்க முடியாது என்று யாரோ ஓதியிருக்கிறார்கள். ஓதியவருக்கு இதில் கமிஷன் உண்டோ என்னவோ.

முதலில் பட்டாவை எடுத்துப் பார். அரசு ஒப்படைத்த மனை என்றால் அதிலுள்ள நிபந்தனைகளைப் படி. 2006 வன உரிமைச் சட்டத்தில் கிடைத்தது என்றால் பேச்சே இல்லை. வாரிசுக்கு இறங்குமே தவிர விற்கவோ எழுதிக் கொடுக்கவோ முடியாது. அந்த உரிமையில் உன் அம்மா, என் அக்கா பேரும் சேர்ந்தே இருக்கும்.

சொந்தப் பட்டா என்றே வைத்துக்கொள்வோம். நீ என்ன தொகை எழுதினாலும் சார்பதிவாளர் பார்ப்பது வழிகாட்டி மதிப்பைத்தான். அது பத்து லட்சம் என்றால் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 90,000 ரூபாய். அப்பா மகனுக்குத் தான செட்டில்மென்ட் எழுதினால் இரண்டும் ஒவ்வொரு சதவீதம், 20,000-தான். எவ்வளவு பெரிய சொத்தானாலும் தீர்வை 40,000-ஐயும் கட்டணம் 10,000-ஐயும் தாண்டாது. 2023 ஜூலையில் வைத்த வரம்பு அது. குறைத்து விற்றால் வருமான வரிக்காரர்களும் மச்சானின் லாபத்தை வழிகாட்டி மதிப்பில்தான் கணக்குப் போடுவார்கள். தானத்துக்கு அந்த வரி இல்லை.

காசு விஷயம் அவ்வளவுதான். என் கவலை அக்காவைப் பற்றி. செட்டில்மென்ட் பதிவானபின் மச்சான் நினைத்த நேரத்தில் ரத்து செய்ய முடியாது. பிள்ளை பார்த்துக்கொள்ளாவிட்டால், 2007 மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆம் பிரிவில் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். ஆனால் பராமரிப்பு நிபந்தனையோடுதான் எழுதிக் கொடுத்தார்கள் என்பதைக் காட்ட வேண்டும் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பிந்தைய தீர்ப்புகள் பெற்றோர் பக்கம் இளகியிருக்கின்றன; அதை நம்பி விட்டுவிடாதே. பத்திர எழுத்தர் ‘அன்பின் காரணமாக’ என்று வழக்கமான வாசகத்தை ஓட்டிவிடுவார். ஆயுள் உள்ளவரை இருவரும் அந்த வீட்டில் குடியிருப்பார்கள், சாப்பாடும் வைத்தியமும் மகன் பொறுப்பு என்று நீயே சொல்லி எழுத வை. ‘எங்கள் காலத்துக்குப் பின் மகனுக்கு’ என்று மட்டும் எழுதினால் அதை உயில் என்று வாதாட இடமுண்டு. உரிமை இன்றே உனக்கு, அனுபவம் அவர்களுக்கு. அப்படித்தான் இருக்க வேண்டும்.

தங்கச்சி விஷயம். நாம் மலையாளி, பழங்குடிப் பட்டியலில் இருப்பவர்கள். இந்து வாரிசுரிமைச் சட்டம் நமக்கு நேரடியாகப் பொருந்தாது. பொம்பளைப் பிள்ளைக்குப் பங்கில்லை என்று பெரியவர்கள் அடித்துச் சொல்வதும் இந்தத் தைரியத்தில்தான். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சத்தீஸ்கர் பழங்குடிக் குடும்பம் ஒன்றின் வழக்கில், பெண்ணை ஒதுக்கும் வழக்கம் உண்டென்று நிரூபிக்காதவரை அவளுக்கும் சமபங்கு என்று சொல்லிவிட்டது. வழக்குப் போட்டது அந்தப் பெண்ணின் பிள்ளைகள், தாய்வழித் தாத்தா சொத்துக்காக. உன் வீடு மச்சான் சம்பாதித்ததா, தாத்தா விட்டுப்போனதா? தாத்தா சொத்தென்றால் உன் அத்தைமார் பங்கும் அதில் இருக்கலாம். மச்சானுக்கு இல்லாத பங்கைக் கிரயம் பண்ணினாலும் உனக்கு வந்து சேராது. பங்குள்ளவர்களிடம் விடுதலைப் பத்திரம் வாங்குவதே நேர் வழி. எடுத்துவைத்த இரண்டு லட்சத்தைத் தங்கச்சிக்குக் கொடு.

வில்லங்கம் போட்டுப் பார்த்துவிட்டு எனக்குப் போன் பண்ணு. அதற்கு முன்னால் அக்காவிடம் ஒரு வார்த்தை கேள். இதுவரை யாரும் அவளிடம் கேட்கவில்லையாம்.

அன்புடன்,
மாமா