ஐம்பதிலும் வளையும்

“ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?”

எழுத்தறிவு மையங்களில் இந்தப் பழமொழி அடிக்கடி கேட்கும். “நேற்றுப் படித்த எழுத்து இன்று மறந்துபோகிறது. இந்த வயதில் மண்டையில் ஏறாது” என்று சிலர் சொல்கிறார்கள். சிலேட்டைக் கீழே வைத்துவிடுகிறார்கள். பிறகு வருவதில்லை. கூலிப் பதிவேட்டில் பழையபடி கைநாட்டுதான். அதில் எவ்வளவு தொகை எழுதியிருக்கிறது? அதைத் தெரிந்துகொள்ள அடுத்தவர் தயவு வேண்டும்.

இந்தப் பழமொழி மரத்துக்குப் பொருந்தலாம். மூளைக்குப் பொருந்துமா? பார்ப்போம்.

இக்கரையும் அக்கரையும்

மனித மூளையின் எடை சுமார் 1 கிலோ 400 கிராம். அதில் ஏறக்குறைய 8,600 கோடி நரம்புச் செல்கள் உள்ளன. ஒவ்வொரு செல்லிலிருந்தும் கிளைகள் பிரிகின்றன. நீண்ட இழை ஒன்றும் கிளம்புகிறது. கிளைகள் செய்தியை வாங்கும். இழை செய்தியை அனுப்பும். செய்தி மின்துடிப்பாக இழையில் ஓடும்.

நரம்புகள் எல்லாம் ஒரே வலைபோல ஒட்டியிருக்கின்றன என்று ஒரு காலத்தில் பலர் நினைத்தார்கள். அப்படி இல்லை, ஒவ்வொரு செல்லும் தனித்தனி என்று காட்டியவர் ஸ்பெயின் நாட்டு அறிஞர் ரமோன் இ கஹால். அவருக்கு 1906-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இரண்டு செல்களுக்கு நடுவே மிகச் சிறிய இடைவெளி உண்டு. ஒரு மில்லிமீட்டரை 50,000 பங்கு வைத்தால் அதில் ஒரு பங்கு அளவுதான். மின்துடிப்பு இதைத் தாண்டிப் போவதில்லை. பிறகு செய்தி எப்படிப் போகிறது?

ஆற்றங்கரையோடு பஸ் நின்றுவிடுகிறது. பரிசலில் ஏறி அக்கரை போகிறோம். அங்கே வேறு பஸ் பிடிக்கிறோம். மூளையிலும் இதே கதைதான். இழையின் நுனியில் சின்னஞ்சிறு பைகள் உள்ளன. மின்துடிப்பு வந்ததும் பைகள் திறக்கும். அவற்றிலுள்ள வேதிப்பொருள் அக்கரை சேரும். போதிய அளவு சேர்ந்தால் அங்கே புதிய மின்துடிப்பு கிளம்பும்.

கடல் நத்தை சொன்ன பாடம்

கற்கும்போது இந்தத் துறையில் என்ன நடக்கிறது? இதை ஆராய்ந்தவர் அமெரிக்க அறிஞர் எரிக் கேண்டல். அவர் எடுத்துக்கொண்டது ஒரு கடல் நத்தை. அதன் உடலில் சுமார் 20,000 நரம்புச் செல்கள்தான். தொட்டால் அது தன் செவுளை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

அதன் வாலில் ஒரு தடவை சிறு மின் அதிர்ச்சி கொடுத்தார்கள். அதன்பின் லேசாகத் தொட்டாலே செவுளைப் பலமாக இழுத்தது. துறையில் முன்னைவிட அதிக வேதிப்பொருள் இறங்கியது. அதாவது பரிசல்கள் கூடின. ஆனால் கொஞ்ச நேரத்தில் நத்தை அதை மறந்துவிட்டது.

இடைவெளி விட்டுவிட்டு, பல நாள் இப்படிச் செய்தார்கள். இப்போது நினைவு வாரக்கணக்கில் நின்றது. செல்களைப் பார்த்தபோது புதிய இணைப்புகள் முளைத்திருந்தன. அவை ஏறக்குறைய இரண்டு மடங்காகியிருந்தன. அதாவது புதிய துறைகளே உண்டாகிவிட்டன!

இன்னொரு சோதனையில் நத்தையை மெதுவாகத் தொட்டுத் தொட்டுப் பழக்கினார்கள். இதனால் ஆபத்து இல்லை என்று அது கற்க வேண்டும். ஒரே மூச்சில் 40 தடவை தொட்டால் அந்த நினைவு ஒரு நாள்தான் நின்றது. நாளுக்கு 10 தடவையாக 4 நாள் தொட்டால் வாரக்கணக்கில் நின்றது. இரண்டுக்கும் கணக்கு 40 தான். பலன்தான் வேறு. கேண்டலுக்கு 2000-ல் நோபல் பரிசு கிடைத்தது.

லக்னோ கிராமத்துப் பெண்கள்

நத்தை இருக்கட்டும். வயது வந்த மனிதருக்கு எப்படி?

உத்தரப் பிரதேசத்தில் லக்னோ அருகே உள்ள கிராமங்களில் ஓர் ஆய்வு நடந்தது. எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு 6 மாதம் இந்தி எழுத்து கற்பித்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். முப்பது வயதை ஒட்டியவர்கள். பாடத்துக்கு முன்னும் பின்னும் அவர்கள் மூளையை ஸ்கேன் செய்தார்கள்.

பார்த்ததை மூளைக்குள் அனுப்பிவைக்கும் ஆழமான பகுதிகள் உண்டு. அவற்றுக்கும் பார்வைப் பகுதிக்கும் இடையே தொடர்பு பலப்பட்டிருந்தது. பாடம் படிக்காதவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. இந்த ஆய்வு 2017-ல் வெளிவந்தது. எழுத்து கற்றதால் பெரியவர்களின் மூளையே மாறியிருந்தது.

அதனால் என்ன செய்யலாம்?

சில விஷயங்களைக் குழந்தைகள் விரைவாகப் பிடித்துக்கொள்வார்கள். பெரியவர்கள் கூடுதலாகப் பழக வேண்டும். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் படிப்பதைவிட, தினம் கால் மணி நேரம் படிப்பது மேல். நேற்றுப் படித்ததைப் புத்தகத்தை மூடிவிட்டு நினைத்துப் பாருங்கள். மறந்திருந்தால் மட்டும் திறந்து பாருங்கள். பஸ்ஸின் பெயர்ப்பலகை, ரேஷன் கடைப் பலகை, மருந்துச் சீட்டு என்று கண்ணில் பட்டதைப் படியுங்கள். தூக்கத்தைக் கெடுக்காதீர்கள். பகலில் கற்றது தூக்கத்தில்தான் மூளையில் நன்றாகப் பதிகிறது.

இன்னொரு விஷயம். நாற்பது வயதுக்குமேல் பலருக்கு வெள்ளெழுத்து வரும். கிட்டத்தில் உள்ள எழுத்து மங்கும். “மூளை மந்தமாகிவிட்டது” என்று அவர்கள் பயந்துவிடுகிறார்கள். குறை மூளையில் இல்லை. கண்ணில் இருக்கிறது. ஒரு கண்ணாடி போட்டால் தீர்ந்துவிடும்.

மறதி வந்தால் சிலேட்டைக் கீழே வைக்க வேண்டாம். துறையில் இன்னும் பரிசல் போதவில்லை என்றுதான் அர்த்தம். நாளைக்கும் வாருங்கள். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்.

விடை எழுதுங்கள்

1. நரம்புச் செல்லின் கிளைகள் என்ன செய்கின்றன? இழை என்ன செய்கிறது?
2. ஒரே மூச்சில் 40 தடவை, நாளுக்கு 10 தடவையாக 4 நாள். எது நீண்ட நாள் நினைவில் நின்றது?
3. லக்னோ அருகே நடந்த ஆய்வில் என்ன தெரிந்தது?
4. வெள்ளெழுத்து என்றால் என்ன?

பேசுங்கள்: உங்கள் ஊரில் படிப்பைப் பாதியில் விட்டவர்கள் யார் யார்? அவர்களிடம் இந்தப் பாடத்தைப் படித்துக் காட்டுங்கள்.