பலாமரத் தூணும் பத்மநாபபுரம் அரண்மனையும்

2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் காலை, தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. பண்ருட்டி, காடாம்புலியூர் வட்டாரத்தில் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்ததை அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். காடாம்புலியூரில் எங்கள் கொல்லையில் நின்ற முதுபலாவும் அன்று வீழ்ந்தது. என் மாமனார் காலத்து வீட்டின் கூடத்து ஓடுகள் பறந்துபோயின. தூண்கள் நான்கும் நனைந்து நின்றன.

பார்க்க வந்த கொத்தனார், "இனி இது நிற்காது, இடித்துவிட்டுத் தளம் போடுங்கள்" என்று சொல்லிவிட்டார். என் கணவரின் தம்பி மகனும், "பெரியம்மா, பழைய மரத்தை விற்றாலே ஒரு தொகை கிடைக்கும்" என்றான். மறுக்க எனக்குக் காரணம் தெரியவில்லை. பிடிவாதம் ஒன்றே இருந்தது. ஓய்வு பெற்ற ஆசிரியைக்குக் காரணம் இல்லாத பிடிவாதம் அழகன்று அல்லவா!

அந்நிலையில்தான் குமரி மாவட்டத்துச் சிதறால் மலைக்கு யாத்திரை செல்லும் வாய்ப்புக் கிட்டியது. திருச்சாரணத்து மலை எனப் பழம்பெயர் கொண்ட அக்குன்றில், பாறையில் வடிக்கப்பெற்ற தீர்த்தங்கரர் திருவுருவங்களைத் தரிசித்துத் திரும்பும் வழியில், தக்கலைக்கு அருகே உள்ள பத்மநாபபுரம் அரண்மனையைக் கண்டோம். அங்குக் கற்ற பாடத்தையே இங்கு எழுதுகிறேன்.

கி.பி. 1601 அளவில் தொடங்கப்பெற்று, 18-ஆம் நூற்றாண்டில் மார்த்தாண்ட வர்மரால் விரிவாக்கப்பெற்ற இவ்வரண்மனை, திருவிதாங்கூர் அரசின் பழைய தலைநகரில் உள்ளது. 1956-இல் குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தபோதும், அரண்மனையின் பராமரிப்புக் கேரள அரசிடமே நின்றது. நிலம் நம்முடையது, நிர்வாகம் அவர்களுடையது. இது ஒரு வேடிக்கையான ஏற்பாடுதான்.

முகப்பு மண்டபத்தின் மரக்கூரையில் தொண்ணூறு வகைப் பூக்களைச் செதுக்கியுள்ளனர். மந்திரசாலையில் வண்ண அபிரகத் தகடுகள் பதித்த சாளரங்கள் உள்ளன. தரையோ கண்ணாடி போல் கறுத்து மின்னுகின்றது. இவற்றையெல்லாம் வழிகாட்டி நூல்களில் படித்துக்கொள்ளலாம். என்னைக் கட்டி நிறுத்தியது, அரண்மனையின் மிகப் பழைய பகுதியான தாய்க்கொட்டாரத்தில் உள்ள ஒரு தூண். ஒரே பலாமரத்தில் அடி முதல் முடி வரை நுண்ணிய வேலைப்பாடு செய்யப்பெற்றது அது. எங்கள் ஊர்ப் பலா மிருதங்கத்துக்கும் வீணைக்கும் போவதை அறிவேன். அரசர் மாளிகையைத் தாங்கவும் பலாவே வந்தது என்பதை அன்றுதான் கண்டேன்.

சரி, இத்தனை மழை பெய்யும் நாட்டில் மரம் எப்படி நானூறு ஆண்டு நிற்கின்றது?

முதலில் கூரையைக் காண்க. ஆசிரியப் பயிற்சி மாணவியருக்கு நான் ஈர்க்குச்சிகளால் இதை விளக்குவதுண்டு. நான்கு குச்சிகளைச் சதுரமாகக் கட்டித் தள்ளினால் சாய்ந்துவிடும். மூன்றை முக்கோணமாகக் கட்டினால் அசையாது. அரண்மனைக் கூரையில் இருபுறக் கைமரங்களும் முகட்டில் கூடுகின்றன. அவற்றில் துளையிட்டு, அத்துளைகளின் வழியே குறுக்குச் சட்டத்தைக் கோத்துள்ளனர். எனவே கைமரங்கள் விரிந்து சுவரைத் தள்ளுவதில்லை. பாரம் உத்திரத்தில் இறங்கி, உத்திரத்திலிருந்து தூணுக்கும் சுவருக்கும் செல்கின்றது.

அடுத்தது இணைப்பு. ஒரு மரத்தின் நுனியை நாக்குப் போலச் செதுக்கி, மற்றொன்றில் அதற்கேற்ற துளை குடைந்து செருகி, மர ஆணியால் இறுக்குவர். மரம் மழையில் பருத்து வெயிலில் சுருங்கும் இயல்புடையது. இரும்பாணி அதனோடு பருத்துச் சுருங்குவதில்லை. நாளடைவில் துருப்பிடித்துத் துளையையும் கெடுக்கும். மர ஆணியோ தானும் சேர்ந்து அசைந்துகொடுக்கும். இம்முறைக்கு மற்றொரு நன்மையும் உண்டு. பழுதுற்ற உறுப்பை மட்டும் கழற்றி, புதியதைப் பொருத்தலாம்.

மூன்றாவதே தலையாயது. மரத்தை அழிப்பது மழையன்று, உலராத ஈரம். செங்குத்தான கூரை நீரை விரைவில் வழியவிடுகின்றது. நீண்டு இறங்கும் தாழ்வாரம் சுவரில் சாரல் படாமல் காக்கின்றது. தூணின் அடியில் இருக்கும் கல், மண்ணின் ஈரம் மேலேறாமல் தடுக்கின்றது. சாளரச் சட்டங்களின் வழியே காற்று எந்நேரமும் உலவுகின்றது. ஈரம் குறைந்த இடத்தில் கறையான் எளிதில் குடியேறாது. கறையானுக்கு நஞ்சு தெளிக்க மனம் ஒப்பாத நம்மவர் இல்லங்களுக்கு, கொல்லாமலே காக்கும் இவ்வழி பொருத்தமானது என்று எனக்குத் தோன்றியது.

மூடபித்ரி யாத்திரை சென்ற அன்பர்கள் இதை அங்கும் கண்டிருப்பர். 1430-இல் எழுந்த ஆயிரங்கால் பஸதியில் கீழே கருங்கல்லும், மேல்நிலைகளில் மரமும், சரிந்த கூரையும் அமைந்துள்ளன. துளுநாட்டு மழைக்கும் அதே விடை.

ஊர் திரும்பியதும் கொத்தனாரை அழைக்கவில்லை. முதிய தச்சர் ஒருவரை அழைத்தேன். அவர் சுத்தியலின் பின்புறத்தால் தூண்களை அடி முதல் தட்டிக்கொண்டே சென்றார். மூன்று தூண்களில் அடியில் ஒரு சாண் வரை மட்டும் ஓசை மந்தமாக ஒலித்தது. அதற்கு மேல் கணீரென்றது. நான்காவது முழுதும் உளுத்திருந்தது. காரணம் பிறகு விளங்கியது. சில ஆண்டுகளுக்கு முன் கூடத்துக்குச் சிமெண்டுத் தரை போட்டபோது, அடிக்கற்களை மூடித் தூணையும் சேர்த்துப் பூசிவிட்டோம். கீழிருந்து ஏறிய ஈரம் வெளியேற வழியின்றி மரத்திலேயே தங்கியது. புயல் செய்ததைவிட நாங்கள் செய்ததே மிகுதி! அந்தத் தரைக்கு ஆசைப்பட்டவளும் நானே.

உத்திரத்துக்கு முட்டுக்கொடுத்து, மூன்று தூண்களின் கெட்ட அடியை அறுத்து, அவ்வுயரத்துக்குக் கருங்கல் வைத்தார் தச்சர். தரையைத் தூணிலிருந்து இரு விரற்கடை விலக்கி வெட்டினார். நான்காவது தூணுக்குக் கொல்லையில் வீழ்ந்துகிடந்த பலாவையே அறுத்து, ஓராண்டு நிழலில் உலர்த்திச் செதுக்கினார். அந்த ஓராண்டும் உத்திரம் முட்டின்மேல் நின்றது. உறவினர் பலர் சிரித்தனர்.

புதுத்தூண் நிறுத்தியபோது மஞ்சள் பூசியதுபோல் தனித்துத் தெரிந்தது. பலா வயதேற வயதேறக் கருஞ்சிவப்பாகும் மரம். இப்பொழுது வீட்டுக்கு வரும் பிள்ளைகளிடம், நான்கில் புதியது எது என்று கேட்கிறேன். பெரும்பாலோர் தவறான தூணையே தொடுகின்றனர்.