தாத்தாவின் ஊர்

பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் நகருக்கு அருகே, ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில் 1938ஆம் ஆண்டு பிறந்தவர் என் தாத்தா. எண்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தும் அவர் இவ்வூரை விட்டுக் குடிபெயரவே இல்லை.

தாத்தா பால்மரம் வெட்டும் தொழிலாளி. 1950களில் பல தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. வேலையோடு வீடும் பறிபோகுமே என்று தொழிலாளர்கள் கலங்கினர். அவர்களின் சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்குவதற்காக, இதே ஊரைச் சேர்ந்த துன் வீ.தி.சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். திருமணத்திற்குச் சேர்த்து வைத்திருந்த பணத்தில் தாத்தா பங்கு வாங்கினார். திருமணம் ஓராண்டு தள்ளிப்போனது.

“உங்கள் தாத்தா முதலில் ரப்பர் மரத்தைத்தான் கட்டிக்கொண்டார்!” என்று பாட்டி கேலி செய்வார்.

முதுமையில் அப்பா அவரைக் கோலாலம்பூருக்கு அழைத்தார். “இங்கே என்னைத் தேடி ஆள் வருகிறது. அங்கே நான்தான் ஆள் தேட வேண்டும்,” என்று தாத்தா மறுத்துவிட்டார்.

அவர் மறைந்த அன்று மலாய், சீன அண்டை வீட்டாரும் திரண்டு வந்தனர். அவர் அன்றாடம் காப்பி குடித்த சீனர் கடை, அன்று நண்பகலிலேயே மூடப்பட்டது. தாத்தா சொன்னதன் பொருள் அன்றுதான் எனக்கு விளங்கியது.

சிந்தித்திடுக: தாத்தா தம் ஊரை விட்டுச் செல்ல மறுத்தது சரியா? உன் கருத்தைக் காரணத்துடன் கூறுக.